ஹெட்போனுக்குள் யார் பேசுகிறார்கள்?

2003-இல் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் ஒரு சைபர் கஃபே திறந்தேன். பையன்கள் வாயில் அது 'சிசி'. கடைவீட்டின் மேல்மாடி, பதினெட்டுக் கணினி, மணிக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்). 2012-இல் கதவைச் சாத்தும் வரை அங்கே அதிகமாக ஓடியது கவுண்டர் ஸ்ட்ரைக். ஒரு பக்கம் தீவிரவாதி, இன்னொரு பக்கம் போலீஸ், நடுவில் ஒரு வெடிகுண்டு. சில நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும், உடனே அடுத்தது. பள்ளி விட்டதும் படியேறி வருகிறவர்கள் இருட்டும் வரை சுட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் காசில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது, வீட்டுக்கு முன்பணம் கட்டியதும் அதில்தான்.

கடையை மூடிய ஒன்பதாவது வருடம், என் சொந்த மகன் கைப்பேசியில் அதே மாதிரி ஒரு விளையாட்டில் மூழ்கிப்போனான். அதனால் "சண்டை கேம் பிள்ளைகளைக் கெடுத்துவிடுமா?" என்று யாராவது கேட்டால், கடைக்காரனாக இருந்து பார்த்ததையும் தகப்பனாக இருந்து பட்டதையும் சேர்த்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலில் கடை. அங்கே வந்த பையன்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள், அல்லது தோட்டத்திலிருந்து கிளம்பி தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்கும் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் குடிவந்தவர்களின் பிள்ளைகள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவரை வாசலைத் தாண்டினால் திடல், திடலைத் தாண்டினால் கோவில். பந்து இருந்தால் போதும், பொழுது போய்விடும். பையன் எங்கே என்று தாய் தேட வேண்டியதில்லை, மூன்றாவது வீட்டு அக்கா கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். அடுக்குமாடியில் கீழே கார் நிறுத்துமிடம்தான். அப்பா லோரி, அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட். அந்தப் பிள்ளைகளுக்கு என் கடை திடல் மாதிரி ஆனது. இது எனக்கு அப்போது புரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்தவனுக்குப் புரியவும் புரியாது.

ஒன்பது வருடத்தில் பல நூறு பையன்களைப் பார்த்திருக்கிறேன். சுடுவதில் புலியாக இருந்த ஒருவன் இப்போது ஈப்போவில் ஏர்கோன் பழுது பார்க்கிறான். இன்னொருவன் ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். வழியில் பார்த்தால் "அண்ணே" என்று மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் பேசுவார்கள். திரையில் அவ்வளவு ரத்தம் பார்த்தவர்கள் யாரும் தெருவில் கத்தி எடுக்கவில்லை.

நிஜமாகவே பாராங் கத்தி எடுத்தவன் ஒருவன் இருந்தான். அவன் விளையாடியதே குறைவு. கையில் இரண்டு வெள்ளி இருக்காது. மற்றவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். பதினான்கு வயது இருக்கும். கால்சராயின் ஓரம் தையல் பிரிந்திருக்கும், அதை ஒரு ஊக்கு போட்டுப் பிடித்திருப்பான். ஒருநாள் கீழே மோட்டாரில் வந்த ஒரு பெரியவன், இருபத்தைந்து வயதுக்காரன், மேலே ஏறி வந்து என் மேசையில் பத்து வெள்ளி வைத்தான். "தம்பிக்கு அஞ்சு மணி நேரம் போட்டுக் கொடுங்க" என்றான். அந்தப் பையன் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டேன். அடுத்த வாரமும் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். சில மாதத்தில் பையன் பள்ளிக்குப் போவதை விட்டுவிட்டு அந்த மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தான். அப்புறம் ஒரு வெட்டு வழக்கு, சிறை.

2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் நம் இந்திய இனத்தவர் என்று செய்தி வந்தபோது, எனக்கு அந்தப் பத்து வெள்ளி நோட்டுதான் ஞாபகம் வந்தது. அவனைக் கெடுத்தது கவுண்டர் ஸ்ட்ரைக் என்று ஊரில் பேசினார்கள். பக்கத்தில் வந்து நின்று அவனிடம் பேசிய குரலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தவன் நான்.

இனி வீடு.

2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடி, வீட்டிலிருந்தே படிக்கும் இல்லிருப்புக் கற்றல் என்று ஆனது. மகனுக்குப் பன்னிரண்டு வயது. பாடம் கூகுள் மீட்டில் நடந்ததால் அவன் கையில் ஒரு கைப்பேசியை நாங்களேதான் கொடுத்தோம். கொடுத்திருக்கவே கூடாது என்று இப்போதும் சொல்ல மாட்டேன், வேறு வழி இல்லை. அதில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஏறியது. ஒரு தீவில் எல்லாரும் குதிப்பார்கள், கிடைத்த ஆயுதத்தை எடுத்துச் சுடுவார்கள், நிற்கிற வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் மிஞ்சுகிறவன் ஜெயிப்பான். நான்கு பேர் ஒரு ஸ்குவாட்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. 2021-இல் அவன் படிவம் ஒன்று, இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பு. தூக்கம் கெட்டது. காலை வகுப்பில் கேமராவை மூடிவிட்டுப் படுத்திருப்பான். தமிழிலும் மலாயிலும் கெட்ட வார்த்தை சரளமாக வந்தது. தங்கை குறுக்கே போனால் தள்ளிவிடுவான். ஒரு நாள் நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அறைக்குள்ளிருந்து கத்தல். போய்க் கைப்பேசியைப் பிடுங்கினேன். என்னைத் தள்ளினான். தோள் அலமாரியில் மோதியது. நான் அடித்தேன். ஒன்று இல்லை, மூன்று நான்கு அடி.

கூடத்தில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தொரு வயதுக் கை அது, ஆனாலும் விடவில்லை. "அவன் போன்ல கத்துக்கிட்டான்னு சொல்ற. இது எதுல கத்துக்கிட்டது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சின்ன வயதில் தோட்டத்துச் சம்சுச் சாராயக் கடையிலிருந்து வந்து அவரே என்னை அடித்திருக்கிறார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். சண்டை கேம் மீதான பயம் புதிதில்லை. 1993-இலேயே அமெரிக்க செனட்டில் மோர்ட்டல் காம்பட் விளையாட்டை வைத்து விசாரணை நடந்து, அடுத்த வருடமே வயது முத்திரை கொடுக்கும் ஈஎஸ்ஆர்பி வாரியம் வந்திருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020 மார்ச்சில் வெளியிட்ட தீர்மானம் எனக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது. வன்முறை விளையாட்டுக்கும், கத்துவது, தள்ளுவது போன்ற ஆத்திரச் செயல்களுக்கும் சிறிய அளவில் நிலையான தொடர்பு உண்டு. கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற பெரிய வன்முறைக்கு இதுதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,004 பேரைப் பார்த்தபோது அந்தச் சிறிய தொடர்புகூட அவர்கள் கண்ணில் படவில்லை. அறிஞர்களுக்குள்ளேயே சண்டை இன்னும் ஓயவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கத்துவது, தள்ளுவது என்று படித்தபோது என் தோள் வலி ஞாபகம் வந்தது. "ஒன்றும் ஆகாது, விளையாட்டுத்தானே" என்று சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியாது. வீட்டில் தங்கச்சியைத் தள்ளுவது சின்ன விஷயம் இல்லை. அதே சமயம் பையன் கொலைகாரன் ஆகிவிடுவான் என்று நடுங்குவதும் வீண். நடுங்குகிற தகப்பன் பிடுங்குவான், அடிப்பான். நானே சாட்சி.

பூட்டுப் போட்டுப் பார்த்தேன். இரவு பத்தரைக்கு வைஃபையை அணைத்தேன். அவன் பத்து வெள்ளிக்கு டேட்டா போட்டுக்கொண்டான். கைப்பேசியை வாங்கி வைத்தேன். பாட்டியின் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டான். தென் கொரியாவில் 2011-இல் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். அது கணினியைத்தான் பிடித்தது, உலகம் கைப்பேசிக்கு மாறிவிட்டது. 2021-இல் அதைக் கைவிட முடிவெடுத்தார்கள். ஓர் அரசாங்கத்தால் முடியாதது என் வீட்டு ரௌட்டரால் முடியுமா?

திருப்பம் வந்தது ஓர் அல்ப விஷயத்தில். ஒரு மாலை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லிக் கொடு, நானும் பார்க்கிறேன்" என்றேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தான். அப்புறம் சொல்லிக்கொடுத்தான். அப்போதுதான் தெரிந்தது, அந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்தவே முடியாது. ஓர் ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிடம். பாதியில் வெளியேறினால் ரேங்க் இறங்கும், மீதி மூன்று பேரும் தோற்பார்கள், அவனைத் திட்டுவார்கள். நான் "இப்பவே வை" என்று கத்திய ஒவ்வொரு முறையும், அவன் காதில் மூன்று பேர் "போகாதே" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். திடலில் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது கோல்கீப்பரைக் காதைப் பிடித்து இழுத்துப்போனால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான்.

அன்றிலிருந்து நிமிடக் கணக்கை விட்டுவிட்டு ஆட்டக் கணக்குக்கு மாறினோம். பள்ளி நாளில் மூன்று ஆட்டம், வார இறுதியில் ஆறு. "மூணாவது ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்பேன். "கடைசி" என்பான். முடிந்ததும் வைத்துவிடுவான். எப்போதும் இல்லை, பெரும்பாலும். கத்தல் பாதிக்கு மேல் குறைந்தது. இது ஒன்றைத்தான் என்னிடம் கேட்கிற பெற்றோர் எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன்: ஆட்டத்தின் நடுவில் பிடுங்காதீர்கள், அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் நிறுத்துங்கள்.

இரண்டாவது நிபந்தனை அவனுக்குப் பிடிக்கவே இல்லை. ஹெட்போன் கிடையாது, அறைக்குள் ஆடக்கூடாது. கூடத்தில், ஸ்பீக்கரில்தான். பேசுகிற குரல் வீட்டில் இருப்பவர்கள் காதில் விழ வேண்டும். "எல்லாரும் சிரிப்பாங்கப்பா" என்றான். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்போம் என்று தெரிந்ததும் கூட ஆடியவர்களின் கெட்ட வார்த்தை தானாக அடங்கியது. ஒருவன் மட்டும், "டேய், உங்க தாத்தா இன்னும் தூங்கலயா?" என்று தினமும் கேட்பான். அப்பா பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இப்படிப் பத்து நாள் போயிருக்கும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு சிசிடிவி கேமராவைப் பிரித்துக்கொண்டிருந்தேன், இப்போது அதுதான் என் பிழைப்பு. ஸ்பீக்கரில் ஒரு புதுக்குரல். முற்றிய குரல், முப்பது வயதாவது இருக்கும். "தம்பி, போன வாரம் அனுப்பின டாய்மண்ட் வந்துச்சா?" என்றது. டாய்மண்ட் என்பது அந்த விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் குரல் தொடர்ந்தது: "உங்க வீட்ல யாருக்காச்சும் சும்மா கிடக்கிற பேங்க் கணக்கு இருக்கா? ஒரு மாசத்துக்கு மட்டும். கார்டு குடுத்தா போதும். இருநூறு வெள்ளி தர்றேன்."

ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து விழுந்தது. பத்து வெள்ளி நோட்டோடு என் மேசைக்கு வந்து நின்றவன்தான் மறுபடி படியேறி வந்திருக்கிறான் என்று தோன்றியது. இந்த முறை மோட்டார் இல்லை, முகம் இல்லை. மோசடிப் பணத்தை வாங்கி மாற்றிவிட அடுத்தவர் வங்கிக் கணக்கைப் பிடிப்பதை இங்கே 'கெல்டாய் ஆக்காவுன்' என்பார்கள், கழுதைக் கணக்கு. பணம் எங்கோ போய்விடும், வழக்கு கணக்குக்காரன் மேல் வரும்.

மகனை நான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்தச் சிசி பையனின் கதையை முதல் தடவையாக அவனிடம் சொன்னேன், பத்து வெள்ளியை நான் வாங்கிக்கொண்டது உட்பட. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே அந்த ஆளை பிளாக் செய்து, பேசியவற்றையெல்லாம் காட்டினான். நாங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். இப்போது இந்த மாதிரி மோசடியில் பணம் கைமாறிவிட்டால் உடனே 997-க்கு அழைக்கலாம். அப்போது அந்த எண் கிடையாது.

ஆகவே மூன்றாவது, அமைப்புகளுக்குள் போய் வாய்ஸ் யாருக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். அனேகமாக எல்லா விளையாட்டிலும் தெரியாதவர் குரலை மூடிவிட்டு நண்பர்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கூட ஆடுகிறவன் பெயர் என்ன, எந்த ஊர், எந்தப் பள்ளி என்று பிள்ளையிடம் கேளுங்கள். திடலில் யாரோடு பந்து ஆடுகிறான் என்று நம் அம்மாக்கள் கேட்ட அதே கேள்விதான். யாராவது இலவசமாக எதையாவது அனுப்பினால், அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். என் மனைவியின் மின்பணப்பையிலிருந்து மூன்று மாதத்தில் 280 வெள்ளி போயிருந்தது, ஐந்து வெள்ளியும் பத்து வெள்ளியுமாக. துப்பாக்கிக்குப் புது வண்ணம், உடுப்பு, அப்புறம் 'அதிர்ஷ்டப் பெட்டி'. அந்தப் பெட்டியைத் திறந்தால் நல்லது வரலாம், வராமலும் போகலாம். நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்கள் நிறைந்த ஊர் இது. கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், சாமி வந்தால் ஒரு நம்பர் என்று சம்பளத்தில் பாதியை நம்பர் கடையில் விட்ட மாமாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெட்டி என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பெல்ஜியம் 2018-இலேயே காசுக்கு விற்கும் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. துப்பாக்கியைவிட எனக்கு இதன் மேல் பயம் அதிகம். வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், மின்பணப்பையின் ஆறு இலக்க எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

எப்போது வெளி உதவி தேட வேண்டும் என்றும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 'கேமிங் டிஸார்டர்' என்பதை நோய்ப் பட்டியலில் ஏற்றியது, 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைப்பது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, இவை மூன்றும் பொதுவாக ஒரு வருடமாவது நீடிப்பது. கொஞ்சம் அதிகமாக ஆடுகிற பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது. ஆனால் குளிப்பது, சாப்பிடுவது, பள்ளி எல்லாம் நின்றுபோனால் வெட்கப்படாமல் பள்ளி ஆலோசக ஆசிரியரையோ கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசு சுகாதாரக் கிளினிக்கையோ பாருங்கள். மனம் உடைந்து பேசினால் 15555 உதவி எண், வீட்டில் அடி உதை என்றால் தாலியான் காசே உதவி எண் 15999. இரண்டாவது எண்ணைச் சொல்லும்போது என் கையையும் நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். அந்த இரவுக்காக மகனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அதைத் தள்ளிப்போட்டிருந்தால் மற்ற எந்த யோசனையும் எங்கள் வீட்டில் செல்லுபடியாகி இருக்காது.

அப்பாவைப் பற்றி இன்னொன்று. ஸ்பீக்கரில் ஆடத் தொடங்கிய புதிதில், சுடும் சத்தம் கேட்டால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஒருநாள் மகன் பின்னாலேயே போய்க் கேட்டிருக்கிறான். 1948 ஜூன் 16, எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர், இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் இயான் கிறிஸ்டியனும். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, வெளியே போகிறவன் சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்க்கும் சோதனை.

"என்ன கன் தாத்தா அது?" என்று கேட்டானாம்.

"பேரு யாருக்குத் தெரியும். மறுநாள் ஒருத்தரும் ரப்பர் மரத்துல பால் வெட்டப் போகல. அம்மா எங்களை வெளிய விடல. ரெண்டு நாள் மரவள்ளிக்கிழங்குதான். அதான் ஞாபகம் இருக்கு."

மகன் விளையாட்டை விட்டுவிட்டான் என்று நினைக்க வேண்டாம், இன்றைக்கும் ஆடுகிறான். அவனுக்குப் பதினேழு வயதாகிவிட்டது. ஆனால் தாத்தா கூடத்தில் இருந்தால் சுடும் சத்தத்தை மட்டும் குறைத்து, குரலை விட்டுவைப்பான். அந்த இரண்டையும் தனித்தனியாகக் குறைக்கலாம் என்பதே அவன் காட்டித்தான் எனக்குத் தெரியும்.

2025 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குள் ஒரு மாணவி குத்திக் கொல்லப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. காரணம் என்ன என்பதை நீதிமன்றம்தான் பார்க்க வேண்டும், அந்தப் பிள்ளையின் பெற்றோரை நினைத்தால் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வாரம் முழுக்க சாப்பாட்டுக் கடையிலும் கோவிலிலும் கேம், கைப்பேசி என்றுதான் பேச்சு. என் வீட்டிலும் சொந்தக்காரர்கள் மகனை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஆறு நாள் கழித்துத் தீபாவளி. மத்தியானம் வாசலில் இரண்டு மோட்டார் வந்து நின்றன. மூன்று பையன்கள், ஒருவன் கோல கங்சாரிலிருந்து, ஒருவன் தாசேக் கெலுகோரிலிருந்து பஸ் பிடித்து வந்தவன், ஒருவன் இங்கேயே பக்கத்துத் தாமான். நான்கு வருடமாக ஒரே ஸ்குவாட், நேரில் எல்லாரும் ஒன்றாகப் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. கூச்சத்தோடு வரிசையாக உட்கார்ந்து முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி கோழிக்கறி பரிமாறினாள். கெலுகோர்ப் பையன் தண்ணீர் வாங்கும்போது, "போதும் ஆண்ட்டி" என்றான்.

நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நீதானே தினமும் 'தாத்தா தூங்கலயா'ன்னு கேக்குறவன்?"